தொட்டிலுக்கு மேலே ஒரு தூக்குமரம்

நம் உடலிலேயே நீளமான எலும்பு தொடை எலும்பு. அது முறிந்தால் தொடையின் வலிய தசைகள் சுருங்கி, முறிந்த துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிவிடும், கால் குட்டையாகும். பெரியவருக்கு நீண்ட சிம்பு வைத்துக் கட்டிப் படுக்க வைக்கலாம். ஒன்றரை வயதுக் குழந்தையை எப்படி அசையாமல் கிடத்துவது? கட்டும் சிறுநீரில் ஊறிப்போகுமே!

1870-களில் லண்டன் கைஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் தாமஸ் பிரையன்ட் இதற்கு ஒரு வழி சொன்னார். முறிந்த காலை மட்டுமல்ல, நல்ல காலையும் சேர்த்துச் செங்குத்தாகத் தூக்கி, தொட்டிலுக்கு மேலுள்ள சட்டத்தில் கட்டினார். தோற்றத்தை வைத்து 'தூக்குமர இழுவை' என்ற பெயரும் வந்தது. பெயர்தான் அச்சம் தருகிறது. இழுக்கும் வேலையைச் செய்வதோ குழந்தையின் சொந்த எடையே! பிட்டம் படுக்கையில் படாமல், அடியில் ஒரு கை நுழையும் அளவு உயர்ந்திருக்க வேண்டும். உடல் கீழே இழுக்க, கயிறு மேலே இழுக்க, தசைகள் தளர்ந்து எலும்பு நேர்ப்படும். துணி மாற்றுவதும் எளிது. எக்ஸ்-கதிரை ராண்ட்ஜன் கண்டது 1895-இல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்! பிரையன்ட்டுக்குக் கண்ணும் கையுமே துணை.

இந்த வயதில் மூன்று நான்கு வாரங்களில் எலும்பு கூடிவிடும். சிறு வளைவு இருந்தாலும் வளர வளர நிமிர்ந்துவிடும். இரண்டு வயதுக்கு மேற்பட்ட சிறுவர்களிடம் இன்னொரு வியப்பு உண்டு. முறிவு ஆறும்போது அந்த எலும்புக்கு இரத்த ஓட்டம் மிகுவதால், அது மற்றதைவிட விரைவாக வளர்ந்து, ஏறத்தாழ 1 செ.மீ. குறையைத் தானே ஈடுசெய்கிறது.

ஆனால் இம்முறையில் ஓர் ஆபத்து மறைந்திருந்தது. உயர்த்திய காலுக்கு இரத்தம் ஏறுவது கடினம். கட்டும் இறுகினால் தசை இறந்துபோகும். 1950-களில் மருத்துவர்கள் வெளியிட்ட செய்திகள் திடுக்கிட வைத்தன. முறியாத நல்ல காலே கெட்டுப்போன குழந்தைகளும் அவற்றில் இருந்தனர்! எனவே ஏறத்தாழ 2 வயதுக்கும் 12 கிலோ எடைக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு இதைத் தவிர்க்கலாயினர்.

வசதி மிக்க மருத்துவமனைகளில் இன்று சில நாட்களிலேயே இடுப்பையும் சேர்த்து மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். எலும்பு நிபுணர் இல்லாத சிற்றூர் மருத்துவமனைகளுக்கென மாரிஸ் கிங் முதலியோர் தொகுத்து 1987-இல் வெளிவந்த நூலில் பிரையன்ட்டின் முறைக்கும் இடம் உண்டு. கயிறும் சட்டமும் எங்கும் கிடைக்கும். கால்விரல்கள் வெளுத்தோ நீலம் பாரித்தோ குளிர்ந்தோ போனால், அல்லது விரலை மெல்ல நீட்டியதும் குழந்தை வீறிட்டால், உடனே கட்டை அவிழ்த்துக் காலைக் கீழே இறக்க வேண்டும். செவிலியர் போதாத இடத்தில், இரவில் விளக்கைப் பிடித்து இரு கால்விரல்களையும் தொட்டுப் பார்க்கத் தாய்க்கே கற்றுக் கொடுக்கலாம்.