நெடுந்தொலைவு கம்பியில்லா ஈத்தர்நெட் இணைப்பு

நெடுந்தொலைவு கம்பியில்லா ஈத்தர்நெட் இணைப்பு என்பது பல கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு கணினி வலையமைப்புகளை, ஒன்றையொன்று நோக்கி நிறுத்திய இரு ஆன்டெனாக்கள் வழியே ரேடியோ அலையால் இணைக்கும் ஏற்பாடு. நடுவில் ரேடியோ இருப்பது இருமுனைக் கணினிகளுக்கும் தெரியாது; ஒரே கட்டடத்தில் ஒரே கேபிளில் இருப்பதுபோல் அவை பேசிக்கொள்ளும். கண்ணாடி இழை போய்ச் சேராத மலையூர்கள், மருத்துவமனைக் கிளைகள், சுரங்கங்கள், தீவுகள் ஆகியவற்றில் இது பயன்படுகிறது.

வீட்டு வைஃபை இயங்கும் அதே அலைவரிசைகளே பெரும்பாலும் இதற்கும் பயன்படுகின்றன. இரண்டு சுவர் தாண்டினால் தடுமாறும் அலை இங்கே 15 கி.மீ. போகிறது என்றால், அதற்குக் காரணம் கூடுதல் மின்திறன் அல்ல. அலையைக் குவிக்கும் ஆன்டெனா, தடையில்லாத உயரம், தொலைவுக்கேற்பத் திருத்திய நேரக்கணக்கு ஆகிய மூன்றும் சேர்ந்தே அதைச் சாத்தியமாக்குகின்றன.

வரலாறு

ஈத்தர்நெட்டின் வேர் ரேடியோவில்தான் இருக்கிறது. 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சனின் குழு உருவாக்கிய அலோகாநெட், தொலைவில் இருந்த முனையங்களை ஹொனலுலுவின் மையக் கணினியோடு ரேடியோ வழியே இணைத்தது. முனையம் எப்போது வேண்டுமானாலும் தகவலை அனுப்பலாம். இரண்டு மோதிக்கொண்டால் சற்றுக் காத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும். இந்த உத்தியை ராபர்ட் மெட்காஃப் செம்மைப்படுத்தி, 1973இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் கேபிளுக்குக் கொண்டுவந்தபோது ஈத்தர்நெட் பிறந்தது.

1985இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 2.4, 5.8 ஜிகாஹெர்ட்ஸ் பகுதிகளை உரிமம் இல்லாத தகவல்தொடர்புக்குத் திறந்துவிட்டது. 1997இல் 802.11 தரம் வந்தது. மடிக்கணினிச் சந்தைக்காகக் கோடிக்கணக்கில் உற்பத்தியான வைஃபை சில்லுகளின் விலை சரிந்ததும், அவற்றை வெளியே எடுத்து டிஷ் ஆன்டெனாவில் மாட்டிப் பார்க்கும் முயற்சிகள் பல நாடுகளில் தொடங்கின. நேபாளத்தின் நாங்கி கிராமத்தில் மகாவீர் புன், மலைமுகட்டு மரங்களின் மேல் ஆன்டெனாக்களைக் கட்டித் தொடங்கிய வலையமைப்பு அவற்றுள் ஒன்று. அவருக்கு 2007இல் மகசேசே விருது கிடைத்தது.

பார்வைக்கோடும் ஃப்ரெனல் மண்டலமும்

ஒரு முனையிலிருந்து மறுமுனை கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்பது தொடக்கக்காரர் செய்யும் முதல் பிழை. ரேடியோ அலை நூல்போல் போவதில்லை; இரு முனையிலும் ஒடுங்கி நடுவில் பருத்த கதிர்போல் இடத்தை நிரப்பிக்கொண்டு போகிறது. பிரெஞ்சு இயற்பியலாளர் ஃப்ரெனலின் பெயரால் இது ஃப்ரெனல் மண்டலம் எனப்படுகிறது. 5.8 ஜிகாஹெர்ட்ஸில் 15 கி.மீ. இணைப்புக்கு நடுவழியில் இதன் ஆரம் சுமார் 14 மீட்டர். அதில் 60 விழுக்காடாவது, அதாவது பார்வைக்கோட்டுக்குக் கீழே எட்டரை மீட்டர் அளவுக்கு, மரமோ கூரையோ குறுக்கிடக் கூடாது. அலைவெண் குறைந்தால் மண்டலம் இன்னும் பருக்கும்: 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 10 கி.மீ. இணைப்புக்கே ஆரம் ஏறத்தாழ 18 மீட்டர் ஆகிவிடும்.

இதோடு பூமியின் வளைவையும் சேர்க்க வேண்டும். வளிமண்டலம் அலையைச் சற்றே கீழ்நோக்கி வளைப்பதையும் கணக்கில் கொண்டால், 15 கி.மீ. பாதையின் நடுவில் தரை 3.3 மீட்டர் மேலெழுந்து நிற்கும், 30 கி.மீ. பாதையில் அது 13 மீட்டருக்கு மேல். தொலைவு இரட்டித்தால் இந்த மேடு நான்கு மடங்காகும். ஆகவே சமவெளியில் 15 கி.மீ. இணைப்புக்கு, நடுவில் 10 மீட்டர் உயர மரங்கள் இருந்தால், இரு முனையிலும் 22 மீட்டருக்குக் குறையாத உயரம் தேவைப்படும். மலையுச்சி கிடைத்தால் கோபுரச் செலவே மிச்சம்.

இணைப்புக் கணக்கு

கருவி வாங்குமுன் போட வேண்டிய கணக்கு இது. மறுமுனைக்கு எவ்வளவு குறிகை போய்ச் சேரும் என்பதை டெசிபெல் அலகில் கூட்டிக் கழித்துப் பார்க்கலாம். வெட்டவெளியிலேயே அலை எவ்வளவு தேயும் என்பதைத் தொலைவும் அலைவெண்ணும் தீர்மானிக்கின்றன, 5.8 ஜிகாஹெர்ட்ஸில் 15 கி.மீ. தூரத்துக்கு அது 131 டெசிபெல்.

ரேடியோ 6 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்ட டெசிபெல் அளவு) ஆற்றலில் அனுப்புகிறது, 60 செ.மீ. டிஷ் அதை 30 டெசிபெல் பெருக்குகிறது என்று கொள்வோம். ஆன்டெனாவை விட்டு 36 டிபிஎம் கிளம்புகிறது. வழியில் 131 போக மீதி −95. மறுமுனை டிஷ் மறுபடி 30 கூட்ட, இணைப்பான்களில் 1 இழந்து, −66 டிபிஎம் கைக்கு வருகிறது. நடுத்தர வேகத்தில் −80 வரை படிக்கக்கூடிய ஏற்பியாக இருந்தால் 14 டெசிபெல் கையிருப்பு. 10 முதல் 20 வரை கையிருப்பு வைப்பது வழக்கம்.

டிஷ் ஆற்றலை உண்டாக்குவதில்லை. எல்லாத் திசைக்கும் சிதறுவதை ஒரு பக்கம் திருப்புகிறது, அவ்வளவே. போகும் அலைக்கும் வரும் அலைக்கும் அது ஒருசேர உதவும். அனுப்பும் ஆற்றலைக் கூட்டுவது ஒரு திசைக்கு மட்டுமே பயன்தரும். அக்கம்பக்கத்து இணைப்புகளுக்கும் இடைஞ்சல்.

சட்ட வரம்பு

இந்தியாவில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதி 2005இல் உரிமத் தேவையிலிருந்து விடுவிக்கப்பட்டது. 2018இல் 5 ஜிகாஹெர்ட்ஸில் 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு விலக்கு கிடைத்தது. 2.4இலும் 5.8 பகுதியிலும் ஆன்டெனாவை விட்டுக் கிளம்பும் ஆற்றலின் உச்சம் 36 டிபிஎம், அதாவது 4 வாட். எனவே பெரிய டிஷ் மாட்டினால் ரேடியோவின் ஆற்றலைக் குறைத்தாக வேண்டும். அமெரிக்காவில் 5.8 பகுதியின் நிலையான இருமுனை இணைப்புகளுக்கு இந்தக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டுள்ளது. 5 ஜிகாஹெர்ட்ஸின் சில பகுதிகளை வானிலை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. ரேடார் அலை இருப்பதைக் கண்டால் கருவி தானே வேறு சேனலுக்கு விலகிவிட வேண்டும் என்பது பல நாடுகளில் விதி.

அமைக்கும் முறை

முதல் வேலை வரைபடத்தில் தொடங்குகிறது. நிலத்தின் உயரத் தரவுகளைக் கொண்டு பாதையின் குறுக்குவெட்டைப் பார்த்துவிட்டு, பிறகு நேரில் போய் மரம், புதிய கட்டடம், மின்கோபுரம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார்கள். செயற்கைக்கோள் உயரத் தரவில் தென்னந்தோப்பின் சரியான உயரம் தெரியாது.

அடுத்து, இரு ரேடியோக்களையும் கீழேயே ஒரு மேசையில் வைத்து, ஆற்றலைக் குறைத்து, இணைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று அணுகுமுனை, மற்றது நிலையம். 802.11 தரத்தின் வழக்கமான சட்டகத்தில் மூன்று முகவரிக்கே இடம். நிலையத்துக்குப் பின்னால் உள்ள கணினிகளின் முகவரி அதில் ஏறாது. ஆகவே நான்கு முகவரி முறையான டபிள்யூடிஎஸ் அமைப்பை இருபுறமும் இயக்கினால்தான் ரேடியோ உண்மையான பாலமாகும். இதை மறந்துவிட்டுக் கோபுரம் ஏறியவர்கள் குறிகை வந்தும் தகவல் ஏன் போகவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

டிஷ்ஷைத் திருப்பி நிறுத்துவது பொறுமையைச் சோதிக்கும் கட்டம். 60 செ.மீ. டிஷ்ஷின் கதிர் 6 டிகிரி அகலமே. இரு முனையிலும் ஒவ்வொருவர் கைபேசியில் பேசியபடி நிற்பார்கள். ஒருவர் திருப்பும்போது மற்றவர் தொடக்கூடாது. கிடைமட்டமாக விரற்கடை அளவு திருப்பி, எண் நிலைகொள்ளச் சில நொடி காத்திருந்து, −80, −74, −69 என்று ஏறுவதைச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். உச்சம் தாண்டி எண் இறங்கத் தொடங்கியதும் திரும்பி வந்து உச்சத்தில் நிறுத்தி, பிறகு மேல்கீழாக அதையே செய்ய வேண்டும். இங்கே ஒரு கண்ணி உண்டு: முதன்மைக் கதிருக்கு இருபுறமும் சிறு பக்கக் கதிர்கள் இருக்கும், அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இதுதான் உச்சம் என்று நம்பிவிடலாம். கணக்கில் −66 வர வேண்டிய இடத்தில் −83க்கு மேல் ஏறவில்லை என்றால் அதுவாகவே இருக்கக்கூடும்.

மின்சாரம் பெரும்பாலும் ஈத்தர்நெட் கேபிள் வழியாகவே மேலே போகிறது. கேபிள் நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. கட்டடத்துக்குள் நுழையுமுன் கேபிளைக் கீழே தொங்கவிட்டு ஒரு வளைவு கொடுத்தால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். இடிதாங்கியும் தரையிணைப்பும் கட்டாயம்.

நேரக்கணக்கு

வைஃபை ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ‘கிடைத்தது’ என்ற பதிலை எதிர்பார்க்கும். குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் தொலைந்ததாக எண்ணி மறுபடி அனுப்பும். வீட்டுத் தொலைவில் பதில் உடனே வந்துவிடும். ஒளிவேகத்தில் போகும் ரேடியோ அலை ஒரு கிலோமீட்டர் கடக்க 3.3 மைக்ரோநொடி எடுப்பதால், 15 கி.மீ. போய் வர 100 மைக்ரோநொடி ஆகிறது. பதில் வழியில் வந்துகொண்டிருக்கும்போதே அனுப்பியவர் பொறுமை இழந்து மீண்டும் அனுப்பி, வந்த பதிலோடு மோதிக்கொள்கிறார். குறிகை பலமாக இருந்தும் வேகம் படுத்துவிடும் இணைப்புகள் பலவற்றில் கோளாறு இதுதான். கருவியின் அமைப்பில் தொலைவைச் சரியாகக் கொடுத்தால் காத்திருப்பு நேரம் திருந்தும்.

இன்னும் நல்ல தீர்வு, போட்டிமுறையையே விட்டுவிட்டு இருமுனைக்கும் முறைவைத்து நேரம் ஒதுக்குவது. கான்பூர் ஐஐடியின் ‘டிஜிட்டல் கங்கைச் சமவெளி’ திட்டமும், பெர்க்லி கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையிலான டயர் குழுவின் வைல்ட்நெட்டும் இந்த வழியில் முன்னோடிகள். பொட்டலங்களுக்குத் தனித்தனியே அன்றி மொத்தமாகப் பதில் தரும் வைல்ட்நெட், வழக்கமான வைஃபையைவிட 2 முதல் 5 மடங்கு வேகம் தந்ததாக 2007இல் அதன் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். யுபிக்விட்டி, மைக்ரோடிக், கேம்பியம் போன்ற நிறுவனங்களின் வெளிப்புற ரேடியோக்களிலும் முறைவைத்துப் பேசும் நெறிகள் உண்டு.

தேனி

டயர் குழுவின் ஆய்வு தமிழ்நாட்டில் மருத்துவப் பயனுக்கு வந்தது. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்றுவட்டார ஊர்களில் உள்ள 5 பார்வை மையங்களையும் இணைத்த முன்னோட்ட வலையமைப்பு 2006 வாக்கில் செயல்பட்டது. மையத்தில் உள்ள பணியாளர் பரிசோதித்து முடித்ததும் நோயாளி திரையின் முன் அமர்ந்து தேனி மருத்துவரோடு பேசுவார். கண்ணாடி போதுமா, அறுவைக்கு வர வேண்டுமா என்பது அங்கேயே முடிவாகும்.

பல ஆண்டு அனுபவத்தில் அந்தக் குழு கண்டது, பழுதுகளில் பெரும்பகுதி ரேடியோவைச் சேர்ந்ததல்ல என்பது. மின்னழுத்தம் தாறுமாறாக ஏறி இறங்கியதில் கருவிகளும் நினைவட்டைகளும் கெட்டன. ஆகவே மின்சாரத்தைச் சீராக்கும் கருவிகளுக்கும், உள்ளூர் ஊழியரே பழுது கண்டறியும் பயிற்சிக்கும் அவர்கள் முக்கியத்துவம் கொடுத்தனர்.

தொலைவுச் சாதனை

வெனிசுலாவில் எர்மான்னோ பியெத்ரோசெமோலி குழுவினர் 2006இல் 279 கி.மீ., 2007இல் 382 கி.மீ. தூரத்துக்கு வைஃபை இணைப்பை நிறுவினர். நீண்ட இணைப்பின் ஒரு முனை சுமார் 4,200 மீட்டர் உயரமுள்ள ஆண்டிஸ் மலையின் எல் ஆகிலா சிகரம். மாற்றிய மென்பொருள் ஏற்றிய வீட்டு ரூட்டர்கள் விநாடிக்கு 65 கிலோபிட் அளவில் தகவல் அனுப்பின. டயர் குழுவின் கருவிகள் அதே பாதையில் ஒவ்வொரு திசையிலும் 3 மெகாபிட் தந்தன. ஒரே மலைகள், ஒரே காற்று. வித்தியாசம் பெரும்பாலும் நேரக்கணக்கில்தான்.

பராமரிப்பு

5.8 ஜிகாஹெர்ட்ஸில் மழை பெரிய இடையூறு அல்ல. 60 ஜிகாஹெர்ட்ஸ் கருவிகளுக்கோ காற்றின் ஆக்சிஜனே கிலோமீட்டருக்குச் சுமார் 15 டெசிபெல் விழுங்கிவிடும்.

இணைப்பு அமைந்த நாளன்று இரு முனைக் குறிகை அளவையும் எழுதி வைப்பது அனுபவசாலிகளின் வழக்கம். பின்னாளில் பழுது பார்க்க அதுவே அளவுகோல். −66 ஆக இருந்தது காற்றடித்த மறுநாள் −78 என்றால் டிஷ் திரும்பியிருக்கிறது. மாதக்கணக்கில் மெல்ல மெல்லச் சரிந்தால் இணைப்பானுக்குள் நீர் இறங்கியிருக்கலாம், அல்லது நடுவழியில் யாரோ வைத்த தென்னை ஃப்ரெனல் மண்டலத்துக்குள் வளர்ந்துகொண்டிருக்கலாம். அதிகாலையில் மட்டும் விழுந்து வெயில் ஏறியதும் மீண்டால், குளிர்ந்த தரைக்கு மேல் அடுக்கடுக்காக நிற்கும் காற்று அலையை வளைக்கிறது. அப்போது கோபுரம் ஏற வேண்டியதில்லை. குறிகை அப்படியே இருந்து வேகம் மட்டும் குறைந்தால், அதே சேனலில் வேறு யாரோ வந்து சேர்ந்திருக்கிறார்.