ஓசேஜ் மக்கள்: துப்பாக்கி வியாபாரம் தந்த பலம்

ஐரோப்பியர் வந்து இறங்கியவுடனே அமெரிக்கப் பூர்வகுடிகள் தோற்றுப்போனார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஓசேஜ் மக்களின் வரலாறு அப்படியல்ல. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஐரோப்பியர்தான் அவர்களிடம் பணிந்து போக வேண்டியிருந்தது!

இன்றைய மிசௌரி மாநிலத்தின் மேற்குப் பகுதியில், ஓசேஜ் ஆற்றங்கரையில் இவர்கள் வாழ்ந்தார்கள். மக்காச்சோளமும் பூசணியும் பயிரிட்டார்கள். கோடையில் மேற்கே சென்று காட்டெருமை வேட்டையாடினார்கள். 1673இல் பிரெஞ்சுப் பாதிரியார் மார்க்கெட் வரைந்த வரைபடத்திலேயே இவர்கள் பெயர் இருக்கிறது. பின்னால் வந்த பிரெஞ்சு வியாபாரிகள் துப்பாக்கி, வெடிமருந்து, இரும்புக் கத்தி கொடுத்தார்கள். ஓசேஜ்கள் மான்தோல், குதிரை ஆகியவற்றோடு, போரில் பிடித்த மனிதர்களையும் அடிமைகளாக விற்றார்கள்.

இந்த வியாபாரத்தில் இடம்தான் முக்கியம். துப்பாக்கி கிழக்கிலிருந்து வந்தது. மேற்கே பாவ்னி, விசிட்டா, தெற்கே கேடோ என்று எதிரிகள். அவர்களிடம் செல்லும் வியாபாரிகளை ஓசேஜ்கள் வழிமறித்தார்கள். துப்பாக்கி எதிரி கைக்குப் போகக்கூடாது என்பதே காரணம். இவர்களின் நெருக்குதலால் விசிட்டாக்கள் தெற்கே சிவப்பு ஆற்றுப் பக்கம் நகர்ந்தார்கள்.

1762இல் இப்பகுதி ஸ்பெயினுக்குக் கைமாறியது. ஓசேஜ்களை அடக்க ஸ்பானியர் பலமுறை வியாபாரத்தைத் தடை செய்தும் பலனில்லை. பிரிட்டிஷ் வியாபாரிகள் சரக்கு கொண்டுவந்தார்கள். 1793இல் ஆளுநர் கரோண்டலே போரே அறிவித்தார். படைபலம் போதவில்லை! மறு ஆண்டே செயின்ட் லூயிஸ் வியாபாரி ஆகஸ்ட் ஷூட்டோவுக்கு ஆறு ஆண்டு தனியுரிமை கொடுத்து, ஓசேஜ் நாட்டில் கோட்டை கட்டச் சொல்லிச் சமாதானம் ஆனார்.

1802இல் அந்த உரிமை மானுவல் லிசாவுக்குப் போனது. ஷூட்டோ குடும்பம் சும்மா இருக்கவில்லை. ஓசேஜ்களில் ஒரு பகுதியினரை ஆர்கன்சா ஆற்றுப் பக்கம் குடியேற வைத்து அங்கே வியாபாரத்தைத் தொடர்ந்தது. ஒரே இனம் வியாபாரிகளின் போட்டியால் பிளவுபட்டது.

1803இல் லூசியானாவை அமெரிக்கா வாங்கியது. 1804இல் வாஷிங்டன் வந்த ஓசேஜ் தலைவர்களை ஜெஃபர்சன் மரியாதையோடு வரவேற்றார். அப்பகுதியில் அமெரிக்கா பலவீனமாக இருப்பதை அவரே கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். நான்கே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1808இல் ஆளுநர் மெரிவெதர் லூயிஸ் வியாபாரத்தை நிறுத்தினார். அதே ஆண்டு கையெழுத்தான ஒப்பந்தத்தில் இன்றைய மிசௌரியின் பெரும்பகுதியும் ஆர்கன்சாவின் வடபகுதியும் கைவிட்டுப் போயின.

ஓசேஜ்களின் வீரம் 1808இல் குறைந்துவிடவில்லை. பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் என்று போட்டியாளர்கள் இருந்தவரை, ஒருவர் கதவை அடைத்தால் இன்னொருவரிடம் போக முடிந்தது. கடைசியில் ஒரே ஒருவர் மட்டும் மிஞ்சியபோது, விலையை அவரே சொன்னார். அந்த விலை நிலம்!