முதுமையில் பணியும் தோழமையும்: ஆக்ஸ்ஃபர்டில் போப்பையர்

ஆயர் ஒருவர் ஓய்வு பெறும் நாளில் திருச்சபை அவருக்குப் பொன்னாடை போர்த்துகின்றது, வாழ்த்துரை வழங்குகின்றது, நிழற்படம் எடுத்துக்கொள்கின்றது. சின்னாட்களில் அவர் குருமனையைக் காலி செய்கின்றார். விடியற்காலை முதலே மக்கள் வந்து தட்டிய கதவு அதன்பின் தட்டப்படுவதில்லை. பின்னர் அவருடைய பெயர் சபையாரின் நினைவுக்கு வருவது பெரும்பாலும் அடக்க ஆராதனை அறிவிப்பின்போதுதான். இது யாரோ ஒரு சபையின் குறை அன்று. நம் அனைவருடைய குறையே.

அவர் இழப்பவை இரண்டு: செய்வதற்கு ஒரு பணி, உடன் நடப்பதற்கு ஒரு தோழர். இவை தனித்தனி இழப்புகள் என்று நாம் எண்ணிவிடுகிறோம். பணியின் இடத்தில் ஓய்வையும், தோழமையின் இடத்தில் கிறிஸ்துமஸ் காலச் சந்திப்பையும் வைத்துவிட்டு மன அமைதி கொள்கிறோம். ஆனால் இவ்விரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. இதனைத் தமிழ்த் திருச்சபை நன்கறிந்த ஒருவருடைய முதுமையைக் கொண்டே ஆராய்வது தகும். அவர் ஜி. யு. போப்.

நடுவயதின் கடுமை

போப் 1820ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், இன்று கனடாவின் பகுதியாகிய பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிறந்தார். 1837இல் இங்கிலாந்திலேயே தமிழின் முதற்பாடத்தைக் கற்று, 1839இல் வெஸ்லியன் சங்கத்தின் ஊழியராகச் சென்னை வந்து சேர்ந்தார். பின்னர் ஆங்கிலிக்கத் திருச்சபையில் இணைந்து, 1842 முதல் சாயர்புரத்தில் எஸ்.பி.ஜி. சங்கத்தின்கீழ்ப் பணியாற்றினார். 1845இல் முதல் மனைவியை இழந்தார். அதன்பின் தஞ்சை, உதகமண்டலம், பெங்களூர் என்று அவருடைய பணிக்களங்கள் மாறின.

இவ்வாண்டுகளில் அவரை இனிய தோழர் என்று எவரும் முதலில் நினைவுகூர்வதில்லை. அவர் நடத்திய கல்விக்கூடங்களில் ஒழுங்கு மிகக் கடுமையாகக் காக்கப்பட்டது. தஞ்சையில் இருந்தபோது, தரங்கம்பாடியில் உழைத்த லுத்தரன் ஊழியரை எதிர்த்து 1853இல் காரசாரமான ஓர் அறிக்கையை அச்சிட்டார். ஆற்றல் மிக்க பணியாளர், ஆனால் அணுகுவதற்கு அச்சம் தருபவர் என்பதே அவரைப்பற்றி எஞ்சியுள்ள சித்திரம். நம்முள்ளும் இத்தகையோர் இல்லாமல் இல்லை. பொறுப்பின் பளு மிகுந்த நாட்களில் நாம் யாரோடும் நடந்து பேசுவதற்கு நேரம் ஒதுக்குவதில்லை; ஓய்வு வந்தபின் நம்மோடு நடப்பதற்கு ஒருவரும் இல்லை.

ஆக்ஸ்ஃபர்டில் ஒரு தொடக்கம்

1880களின் தொடக்கத்தில் போப் இந்தியாவை விட்டு இங்கிலாந்து சென்றார். 1884இல் ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பிக்கும் ஆசிரியரானார். அப்பொழுது அவருக்கு வயது 64. நம் ஆயர்களில் பலர் ஓய்வு பெறும் பருவம் ஏறக்குறைய அதுவே. 1888இல் பேலியல் கல்லூரியின் சிற்றாலய குருவாகவும் பொறுப்பேற்றார்.

இங்கு ஒன்றைக் கருத்தில் கொள்ளவேண்டும். அவர் தம் பழைய அதிகாரத்தை வேறோர் இடத்தில் தொடர்ந்து நடத்தவில்லை. முன்னர் பெரிய பள்ளிகளை ஆண்டவர், இப்பொழுது இந்திய ஆட்சிப் பணிக்குப் பயிற்சி பெற்ற ஒருசில இளைஞருக்கு எழுத்தும் இலக்கணமும் கற்பித்தார். பதவியை விடமாட்டாமை வேறு. பணியை விடாமை வேறு. ஓய்வு பெற்ற பின்னும் பழைய சபையின் காரியங்களில் தலையிட்டு, புதிய ஆயருக்கு இடையூறு விளைவிக்கும் முதியோரை நாம் அறிவோம். அவர்களைக் கடிந்துகொள்வது எளிது. ஆனால் அவர்களுக்குரிய வேறு பணி எதையும் நாம் காட்டினோமா என்று நம்மை நாமே கேட்பதில்லை.

முற்றத்தில் நடந்த உரையாடல்

பேலியல் கல்லூரியின் தலைவராக அக்காலத்தில் விளங்கியவர் பெஞ்சமின் ஜோவெட். போப்பைவிட மூன்று வயது மூத்தவர். பிளேட்டோவின் நூல்களை ஆங்கிலத்தில் தந்தவர். 1860இல் பலர் சேர்ந்து வெளியிட்ட கட்டுரைத் தொகுதியொன்றில் வேத விளக்கம் பற்றி அவர் எழுதிய கட்டுரை பெரும் புயலை எழுப்பியது. 1864இல் கான்டர்பரி மாகாணத்துக் குருமார் மன்றம் அத்தொகுதியையே கண்டித்தது. எஸ்.பி.ஜி. மரபில் ஊறிய போப்பும், கண்டனத்துக்கு உள்ளான ஜோவெட்டும் இறையியலில் ஒரே அணியினர் அல்லர். எனினும் இரு முதியவரும் நண்பராயினர்.

ஒரு மாலை, வழிபாடு முடிந்தபின், இருவரும் கல்லூரி முற்றத்தில் நடந்தனர். தமிழ்க் கதைகள், கவிதை, தத்துவம் ஆகியவற்றைப்பற்றிப் போப் பேசிக்கொண்டே வந்தார். பேச்சு ஓய்ந்த ஒரு வேளையில், அதனை அச்சில் கொணரவேண்டும் என்று ஜோவெட் சட்டெனக் கூறினார். சாவாமைக்குத் தாம் உரிமைச் சீட்டு ஏதும் பெறவில்லையே, வேலையோ நெடியதாயிற்றே என்று போப் தயங்கினார். ஜோவெட் திரும்பி அவருடைய தோளின்மேல் கை வைத்தார். பெரிய பணியொன்றைக் கையில் வைத்திருப்பதே நீண்டநாள் வாழும் வழி என்றும், அதனை முடிக்கும்வரை போப் உயிரோடு இருப்பார் என்றும் சொன்னார். நிலவொளி அவ்வேளை நண்பரின் நரைத்த தலைமீது விழுந்ததைப் போப் பல்லாண்டுகள் கழித்தும் மறவாமல், திருவாசக மொழிபெயர்ப்பின் முகவுரையில் எழுதி வைத்தார்.

ஜோவெட் செய்தது என்ன? அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் பொருளுதவி வாக்களித்ததாகவும் அம்முகவுரை கூறவில்லை. அவர் செய்தவை இரண்டே: முதியவர் ஒருவர் தாம் விரும்பியதைப்பற்றிப் பேசியபோது இறுதிவரை கேட்டார்; கேட்டபின் அதனை அவரிடமே ஒரு பொறுப்பாக ஒப்படைத்தார். முதியோரை நாம் சந்திக்கச் செல்லும்பொழுது அவர்களுடைய உடல்நலத்தை வினவுகிறோம், ஜெபித்துவிட்டுத் திரும்புகிறோம். அது நன்றே. ஆயினும் உங்கள் கையில் இப்பொழுது என்ன வேலை இருக்கிறது என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்?

தோழர் மறைந்த பின்

போப் 1886இல், தம் 66ஆம் வயதில், திருக்குறள் மொழிபெயர்ப்பை வெளியிட்டார். 1893இல், 73ஆம் வயதில், நாலடியார் வெளிவந்தது. அதே ஆண்டு அக்டோபர் முதல் நாளில் ஜோவெட் மறைந்தார். ஊக்கம் அளித்தவர் இல்லாமலே எஞ்சிய பணியைச் செய்யவேண்டியதாயிற்று. முதுமையின் தோழமைக்கு இத்துயரம் உடன்பிறந்தது என்பதை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. நண்பர் ஒருவரைப் பெறுகிறவர் அவரை அடக்கம் செய்யும் நாளையும் ஏற்றுக்கொள்கிறார்.

ஆனால் ஜோவெட் ஒப்படைத்த பணி எஞ்சியிருந்தது. களைப்புற்ற வேளைகளில் அந்த மாலையின் சொற்கள் தம்மைத் தாங்கின என்று போப்பே குறிப்பிடுகின்றார். 1900ஆம் ஆண்டு, தம் 80ஆம் பிறந்த நாளிலேயே திருவாசக நூலின் முகவுரைக்கு நாளிட்டார். அதனையே தம் இலக்கிய வாழ்வின் நிறைவு என்று அவர் அப்பொழுது கருதினார்.

அப்பணி அவருக்குப் புதிய தோழரையும் தேடித் தந்தது. சைவ அறிஞர் ஜே. எம். நல்லசுவாமி பிள்ளை ஆசிரியராய் விளங்கிய சித்தாந்த தீபிகை என்னும் இதழ் 1897இல் தொடங்கிற்று. புறநானூறு முதலியவற்றின் மொழிபெயர்ப்புகளைப் போப் அதற்கு எழுதி அனுப்பினார். சமயக் கொள்கையில் அவ்விதழும் அவரும் உடன்படவில்லை. இருப்பினும், அரை நூற்றாண்டுக்கு முன் சக கிறிஸ்தவ ஊழியரோடு பொருத முடியாமல் சீறியவர், எண்பதை நெருங்கியபோது சைவப் பெரியோரோடு ஒரே இதழின் பக்கங்களைப் பகிர்ந்துகொண்டார். முதுமை தானாக மனிதரைக் கனியச் செய்வதில்லை. கசக்கச் செய்வதும் உண்டு. போப்பைக் கனியச் செய்ததில், மற்றவருடைய நூலைப் பொறுமையோடு சொல்சொல்லாகக் கேட்கவேண்டியிருந்த அப்பணிக்கும் பங்கு உண்டு என்பதே நமது கருத்து.

கல்லறையின் சாட்சி

1906இல் ராயல் ஏசியாட்டிக் சங்கம் அவருக்குப் பொற்பதக்கம் அளித்தது. 1908 பிப்ரவரி 11இல், 87 வயதில், அவர் மறைந்தார். ஆக்ஸ்ஃபர்டில் உள்ள புனித செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். தம்மைத் தமிழ் மாணவன் என்று கல்லறையில் பொறிக்கச் சொன்னார் என்று நம் மேடைகளில் அடிக்கடி கூறப்படுகின்றது. அக்கல்லில் அச்சொற்கள் இல்லை. இருப்பது வேறொரு செய்தி: அக்கல்லை அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள தமிழ் நண்பர்களும் சேர்ந்து அமைத்தனர் என்பதே அது. தமிழ்நாட்டை விட்டு நீங்கிக் கால் நூற்றாண்டு ஆனபின்னும் அவருக்குத் தமிழர் நண்பர்களாகவே இருந்தனர். புனைந்துரைக்கப்பட்ட வாசகத்தைவிட இவ்வுண்மை நமக்கு மிகுதியும் கற்பிக்கின்றது.

நமக்குரிய கடமை

எல்லா ஆயரும் போப் அல்லரே, ஆக்ஸ்ஃபர்ட் எல்லார்க்கும் கிட்டுமோ என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் ஜோவெட்டின் செயலுக்கு ஆக்ஸ்ஃபர்ட் தேவையில்லை. நம் முதிய ஆயர்களின் நினைவில் சேகரங்களின் வரலாறு இருக்கின்றது. உபதேசியார்கள் நடந்த வழிகள், ஆலயங்கள் எழுந்த கதை, இன்று பாடப்படாத கீர்த்தனைகளின் மெட்டுகள் எல்லாம் இருக்கின்றன. பழைய திருமுழுக்குப் பதிவேடுகளின் கையெழுத்தைப் படிக்க வல்லவர் அவர்களே. இவற்றை எழுதித் தாருங்கள் என்று கேட்டு, மாதம் ஒருமுறை சென்று எழுதியதை வாசிக்கக் கேட்கும் இளம் ஆயர் ஒருவர் இருந்தால் போதும். அங்கே பணியும் தோழமையும் ஒருங்கே பிறக்கும்.

பவுல் அடிகள் முடிவு நெருங்கியதை அறிந்தும் தீமோத்தேயுவை இரண்டு காரியங்கள் கேட்டார்: மாரிகாலத்துக்கு முன்னே வந்துசேரும்படியும், வரும்போது புத்தகங்களையும் தோற்சுருள்களையும் கொண்டுவரும்படியும் (2 தீமோ. 4). தோழரும் வேண்டும்; கையில் வேலையும் வேண்டும். நம் சேகரத்தின் எல்லைக்குள் ஓய்வு பெற்று வாழும் ஆயரின் கதவை இவ்வாரமே தட்டுவோமாக.