இரவல் வக்காலத்து

1735, நியூயார்க். ஆளுநரைத் தாக்கி எழுதிய பத்திரிகையை அச்சிட்ட குற்றத்துக்காகச் சிறையில் கிடந்தார் ஜான் பீட்டர் ஜெங்கர். அவருக்காக ஆஜரான உள்ளூர் வக்கீல்கள் இருவரும், நீதிபதிகளின் நியமனமே செல்லாது என்று ஆட்சேபம் எழுப்பினார்கள். தலைமை நீதிபதி டிலான்சி அந்த ஆட்சேபத்தை ஏற்க மறுத்தார். இருவர் பெயரையும் வக்கீல் பட்டியலிலிருந்தே அடித்துவிட்டார். ஆகஸ்டில் வழக்கு விசாரணைக்கு வந்தபோது பிலடெல்பியாவிலிருந்து வந்து நின்றவர் ஆண்ட்ரூ ஹாமில்டன். ஜூரி ஜெங்கரை விடுவித்தது. வெளியூர்க்காரர் என்று ஹாமில்டனையும் திருப்பி அனுப்ப டிலான்சிக்கு ஏனோ தோன்றவில்லை.

பின்னால் வந்தவர்களுக்குத் தோன்றியது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வக்கீல் உரிமம் வேறு. வேறு மாநிலத்துக்காரர் ஒரு வழக்கில் மட்டும் ஆஜராக நீதிமன்றம் தரும் அனுமதிக்கு 'புரோ ஹாக் விசே' என்று பெயர். 'இந்த ஒரு தடவைக்கு' என்பது அந்த லத்தீன் தொடரின் பொருள். கொடுத்த அனுமதியைப் பறித்தால் நஷ்டம் யாருக்கு? சட்டப் புத்தகங்கள் இதை நீதிபதிக்கும் வக்கீலுக்கும் இடையிலான விவகாரமாகவே எழுதிவைத்திருக்கின்றன. ஆனால் வக்கீல் ஊருக்கு வண்டி ஏறிவிடுவார். கூண்டில் நிற்பவன் அங்கேயே நிற்பான். அனுமதி அவனுடையது என்று பார்த்தால்தான் இந்த வரலாறு புரியும்.

லூசியானாவின் பிளாக்மின்ஸ் வட்டாரத்தில் 1966-ல் நடந்ததைப் பாருங்கள். கேரி டங்கன், 19 வயதுக் கறுப்பின இளைஞன். வெள்ளையர் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருந்த உறவுக்காரப் பையன்கள் இருவர் நான்கு வெள்ளைச் சிறுவர்களோடு சாலையோரம் நிற்கக் கண்டு காரை நிறுத்தினான். கிளம்பும்போது ஒரு வெள்ளைச் சிறுவனின் முழங்கையைத் தொட்டான் என்றது ஒரு தரப்பு, அறைந்தான் என்றது மறு தரப்பு. ஜூரி இல்லாமலே 60 நாள் சிறை, 150 டாலர் அபராதம். அவனுக்காக வாதாடிய ரிச்சர்ட் சோபல் வாஷிங்டன்காரர். நியூ ஆர்லியன்ஸின் கறுப்பின வக்கீல் அலுவலகம் ஒன்றோடு சேர்ந்து செயல்பட்டவர். விசாரணையில் அவரை ஆட்சேபணை இன்றி வாதாட விட்ட அதே ஊர், 1967 பிப்ரவரி 21 அன்று உரிமம் இல்லாமல் தொழில் செய்ததாகக் கைது செய்தது. அந்த ஊர் இனப் பிரிவினையை ஆதரித்த அரசியல் தலைவர் லியாண்டர் பெரெஸின் கோட்டை. அரசு வழக்கறிஞர் அவருடைய மகன். 1968-ல் மூன்று நீதிபதிகள் கொண்ட கூட்டாட்சி நீதிமன்றம், சோபல் மீதான வழக்கு தொந்தரவு கொடுக்கவே போடப்பட்டது என்று சொல்லித் தடை விதித்தது. அதே ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் டங்கன் வழக்கில், கடுமையான குற்றங்களில் ஜூரி விசாரணை எல்லா மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் உரிமை என்றது. அங்கே வாதாடியவரும் சோபல்தான்.

இதற்குப் பிறகாவது கதவு திறந்ததா? 1977-ல் ஓஹையோவில் 'ஹஸ்லர்' பத்திரிகையின் லாரி ஃபிளிண்ட் மீது வழக்கு. அவருடைய நியூயார்க் வக்கீல்கள் ஃபாரிங்கர், கேம்பிரியா இருவரின் பெயரும் இருந்த வக்காலத்துப் படிவத்தில் முதல் நீதிபதி வழக்கம்போல் கையெழுத்திட்டார். வழக்கு மாறிச் சென்ற இடத்தில் அடுத்த நீதிபதி, இவர்கள் ஆஜராகக் கூடாது என்றார். காரணம் கேட்க வாய்ப்பும் இல்லை. 1979-ல் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை, இது சலுகைதான், சட்டம் தந்த உரிமை அல்ல, எனவே விசாரணை நடத்தத் தேவையில்லை என்று முடித்தது. மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ் துணைக்கு அழைத்தது பழைய ஹாமில்டனை!

வெளியூர் வக்கீல் உள்ளூர் நடைமுறை அறியாமல் குழப்பலாம், ஒழுங்கு மீறினால் பிடித்துத் தண்டிப்பது கடினம் என்பார்கள். நியாயமான கவலை. அதற்காக அதிகாரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. தவறு செய்தவரை வெளியேற்றட்டும். எந்தத் தவறு என்று எழுதிச் சொல்லட்டும், பதில் சொல்ல ஒரு நாள் கொடுக்கட்டும். சொந்த ஊர் வக்கீலின் உரிமத்தை இன்று கேட்காமல் பறித்துவிட முடியுமா?

உள்ளூரில் வக்கீலா இல்லை என்று கேட்பது இன்னும் கனமான ஆட்சேபம். ஃபிளிண்ட் போன்ற காசுள்ளவருக்கு அது பொருந்தக்கூடும். ஆனால் 1960-களின் தொடக்கத்தில் மிசிசிப்பி மாநிலம் முழுவதிலும் குடிமை உரிமைப் போராட்ட வழக்குகளைத் தொடத் துணிந்த கறுப்பின வக்கீல்கள் மூன்றே பேர்: ஜெஸ் பிரவுன், கார்ஸி ஹால், ஜாக் யங்.

(தொடரும்)