ஒரு மார்க்கில் தோற்ற பாட்டு



நம் பள்ளி ஆண்டு விழாவில் பரிசு கொடுக்கும்போது மைக் செட்காரர் ஒரு ஆங்கிலப் பாட்டையே திரும்பத் திரும்பப் போடுவாரே, நினைவிருக்கிறதா? 'கங்கிராஜுலேஷன்ஸ்' என்று தொடங்குமே, அதுதான்.

பாடியவர் கிளிஃப் ரிச்சர்ட். ஆங்கிலேயர்தான், ஆனால் 1940-ல் பிறந்தது நம் லக்னோவில். இயற்பெயர் ஹாரி வெப். 1948-ல் குடும்பத்தோடு இங்கிலாந்து போய்விட்டார்.

அப்போதெல்லாம் பக்கத்துக்கு ஒரு பாட்டாகச் சின்ன இசைத்தட்டு வரும். அதைத்தான் சிங்கிள் என்பார்கள். எது அதிகம் விற்றது என்று வாராவாரம் பட்டியல் போடுவார்கள். 1958-ல் வந்த இவருடைய முதல் தட்டில் கம்பெனி நம்பியது முன்பக்கப் பாட்டை. பின்பக்கத்தில் இருந்த 'மூவ் இட்'தான் இரண்டாம் இடம் வரை ஏறியது! மறு வருடமே 'லிவிங் டால்' முதலிடம். பிறகு 'தி யங் ஒன்ஸ்', 'சம்மர் ஹாலிடே'. பீட்டில்ஸ் அலை அடித்தபோதும் இவர் கரை ஒதுங்கவில்லை.

இனி நம் பாட்டுக்கு வருகிறேன். 1968-ல் லண்டனில் நடந்த யூரோவிஷன் போட்டியில் பிரிட்டன் சார்பில் இவர் பாடியது அது. ஸ்பெயினுக்கு 29 புள்ளி, இவருக்கு 28. ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. ஆனால் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

அதற்குப் பிறகு 11 வருடம் முதலிடம் கிட்டவில்லை. 1979-ல் 'வி டோன்ட் டாக் எனிமோர்' வந்து மீட்டுக் கொடுத்தது. 1999-ல் இவர் பாடிய 'மில்லேனியம் பிரேயர்' பாட்டை நெடுநாள் கம்பெனியே வெளியிட மறுத்தது. வேறொரு கம்பெனி வெளியிட, மூன்று வாரம் முதலிடம்! ஆக மொத்தம் 14 முதலிடங்கள், ஐந்து பத்தாண்டுகளில்.

இதையெல்லாம் படித்ததிலிருந்து ஒரு மாணவியின் ஞாபகமாகவே இருக்கிறது. பத்தாம் வகுப்பில் ஒரு மார்க்கில் முதல் பரிசைத் தவறவிட்டவள். அந்த ஒரு மார்க்கைக் குறைத்தது நான்தான், சந்திப்பிழைக்காக. மேடையில் அந்தப் பாட்டு ஒலிக்க, அவள் கீழே நின்று கை தட்டிக்கொண்டிருந்தாள்.

அம்மா, நீ இதைப் படித்தால் ஒரு வரி எழுது. அந்த விடைத்தாளில் நீ எழுதியிருந்த கட்டுரை இன்னும் என் நினைவில் இருக்கிறது.