மடம் என்னும் பெண்பாற் குணம்

பெண்மைக்குரியனவாக வழிவழிச் சொல்லப்படும் அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்னும் நாற்குணங்களுள் பொருள் மிகத் திரிந்துபோனது மடம். இன்றைய வழக்கில் அது அறியாமையின் மறுபெயராகவே கொள்ளப்படுகிறது. துறவியர் தங்கும் மடம் வடமொழிவழி வந்த வேறு சொல்லாதலின் இங்கு அதற்கு வேலையில்லை.

தொல்காப்பியக் களவியல் அச்சம், நாண், மடன் என மூன்றையே கூறுகிறது. பயிர்ப்பு அங்கு இல்லை. நான்கையும் சேர்த்து விளக்குவது நக்கீரர் பெயரால் வழங்கும் இறையனார் களவியல் உரை. பழகாத பொருளிடத்துத் தோன்றும் அருவருப்பைப் பயிர்ப்பு என்று சொல்லும் அவ்வுரை, பிறர் அறிவுறுத்தியதை ஏற்று, ஏற்றதை விடாது பற்றி நிற்பதையே மடம் என வரையறுக்கிறது. கற்பித்ததை வாங்கிக்கொள்ளவும் நழுவவிடாமல் காக்கவும் அறிவு வேண்டுமாதலின் இதனைப் பேதைமை என்பது பொருந்தாது. ஆயினும் கற்பிப்பவர் யார், கற்பித்தது தகுமா என்று வினவும் உரிமை இவ்வரையறைக்குள் இல்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. அவ்வுரிமைக்கான இடத்தைத் தொல்காப்பியத்திலேயே, பொருளியலில், காணலாம்: அங்கே செறிவு, நிறைவு, செம்மை என்பவற்றோடு அறிவும், சொல்ல வேண்டியதைச் சொல்லும் ஆற்றலாகிய செப்பும் பெண்பாலுக்கு உரியனவாக வைக்கப்பட்டுள்ளன. நாற்குணத்தை மனப்பாடமாகச் சொல்வோர் இந்நூற்பாவை எடுத்துக்காட்டுவது அரிது.

சங்கப் பாடல்களில் மடம் பெண்ணோடு மட்டும் நிற்பதன்று. மடமான், மடமயில் என வரும்போது இளமையும் கள்ளமின்மையும் புலப்படுகின்றன. மயிலுக்குப் போர்வை ஈந்த வையாவிக் கோப்பெரும் பேகனைப் பரணர் பாடும் புறநானூற்றுப் பாட்டில் கொடைமடம் என்றொரு சொல் வருகிறது. தகுதியும் பயனும் எண்ணாமல் வழங்குவது அதன் பொருள். கொடையில் அவ்வாறு மடம்படும் பேகன், போர்நெறி பிறழ்தலாகிய படைமடம் படமாட்டான் என்று புலவர் அவனைப் புகழ்கிறார். ஆக, ஆணுக்கு மடம் கொடையளவில் நின்று புகழாயிற்று. பெண்ணுக்கோ வாழ்நாள் முழுதும் நீங்காத இயல்பாக விதிக்கப்பட்டது.

பிற்காலத்துக் கொன்றைவேந்தன் பேதைமையையே மாதரின் அணிகலமாக்கியது. அந்நூல் திண்ணைப் பள்ளிகளில் சிறுவர்க்குப் பாடமாயிருந்ததால் அக்கருத்து இளமையிலேயே மனத்தில் ஊன்றப்பட்டது. பாரதியார் ‘புதுமைப் பெண்’ பாட்டில் நாணத்தையும் அச்சத்தையும் பெயர்சொல்லி ஒதுக்குகிறார். மடத்தின் பெயர் அவற்றோடு இல்லையெனினும், அறியாமை இருளில் கிடப்பதை வெறுத்துத் தள்ளுவதைப் பெண்ணுக்கு அறமாகவே அப்பாட்டு வகுக்கிறது.