துணி கேட்காத கேள்வி

இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியிலே நெய்யப்படும் பேண்டேஜ் துணி நாடெங்கும் செல்கிறது. கடல் கடந்தும் செல்கிறது. எவர் காயத்தையும் அது ஒன்றுபோலவே கட்டும். ‘நீ எக்குலம்?’ என்று துணி கேட்பதில்லை.

மருந்தும் அப்படித்தான், எல்லா உடலிலும் ஒன்றுபோலவே வேலை செய்யும் என்று நெடுங்காலம் நம்பினர். அந்த நம்பிக்கை அறுவைக் கூடத்திலே உடைந்தது.

1951-ஆம் ஆண்டளவில் சக்சினைல்கோலின் என்னும் மருந்து மயக்க மருத்துவத்திலே புகுந்தது. தசைகளைச் சில நிமிடம் தளர்த்தும். பின்னர்க் குருதியிலுள்ள நொதி ஒன்று அதனைச் சிதைத்துவிடும். நோயாளி தானே மூச்சுவிடுவார். ஆனால் சிலருக்கோ நிமிடங்கள் மணிக்கணக்காயின! செயற்கை மூச்சு கொடுத்துக் காத்திருந்தால் பிழைப்பர், இல்லையேல் மாள்வர். தலைவிதியா? அன்று! நொதியின் குறை, அக்குறை பெற்றோர் வழி வருவது. இதனை 1957-இல் சோதனையால் விளக்கினார் டொராண்டோ நகர ஆய்வாளர் வெர்னர் காலோ. 1959-இல் செருமானிய அறிஞர் பிரீட்ரிக் ஃபோகல், மருந்து மரபியல் என்று இத்துறைக்குப் பெயரிட்டார்.

நாம் உறங்கியா கிடந்தோம்? இல்லை. 1956-இல் சென்னையிலே தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம், ஐசோனியசிட் மருந்தைச் சிலர் உடல் விரைவாகவும் சிலர் உடல் மெதுவாகவும் செயலிழக்கச் செய்வதை ஆராய்ந்து 1961-இல் வெளியிட்டது. வாரம் ஒருமுறை மருந்துண்ணும் முறை, விரைந்து செயலிழக்கச் செய்வோர்க்குப் போதிய பயன் தராததையும் கண்டது.

முதலிற் சொன்ன நொதிக் குறை, தென்னாட்டு வைசியச் சமூகத்தாரிடையே மிகுந்திருப்பது ஏன்? அதற்குரிய மரபணு மாற்றமொன்றைக் கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிறருடன் சேர்ந்து 2006-இல் வெளியிட்டனர். குற்றம் அச்சமூகத்தின் மீது அன்று. தலைமுறை தலைமுறையாகத் தன் குலத்துக்குள்ளேயே மணந்து வரும் வழக்கத்தின் மீது. அவ்வழக்கம் எந்தக் குலத்தில்தான் இல்லை? இராசபாளையத்தில் இல்லையா? திருவில்லிபுத்தூரில் இல்லையா? வேலியிட்ட குளத்திலே எது கலந்ததோ, அதுவே தேங்கும். சாதி, மணப்பந்தலோடு நிற்கவில்லை. மருந்துக் குப்பி வரை வந்துவிட்டது!

ஆகவே சாதியைக் கேட்டு மருந்து கொடுப்பதா? கூடாது. அச்சமூகத்திலும் பெரும்பாலோர்க்கு அக்குறை இல்லை; வெளியே உள்ளோர் சிலர்க்கு உண்டு. கேட்கவேண்டிய கேள்வி வேறு: “உங்கள் வீட்டில் எவருக்கேனும் அறுவைக்குப் பின் மூச்சுத் திரும்பத் தாமதமானதுண்டா?” காசில்லாக் கேள்வி, உயிர் காக்கும் கேள்வி. அதைக் கேட்க மருத்துவருக்கும், விடையைக் குறித்துவைக்கச் செவிலியர்க்கும், எந்த மருந்து எவருக்கு ஆகாது என்று எச்சரிக்க மருந்தாளுநர்க்கும் பயிற்சி வேண்டும். குறையுள்ளவர் கையிலே எழுத்துச் சீட்டு வேண்டும். உடன்பிறந்தார்க்கும் குருதிச் சோதனை வேண்டும்.

விருதுநகரிலே 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி எழுந்தது. தேர்வுக்கு ஒரு பக்கம் படித்து மறக்கும் பாடமாக இதை விடலாமா? சிற்றூர் மருத்துவமனையின் படுக்கையருகே நின்று பழகவேண்டிய பாடமன்றோ!

துணி குலம் கேட்பதில்லை. மருத்துவரும் கேட்க வேண்டா. குருதி கூறுவதைக் கேட்கக் கற்கட்டும்!